வால் வைத்த நாலு

புந்தா கொரால்,
டிசம்பர் 29.

அன்புள்ள தேயோவுக்கு,

ராமிரோ எழுதுவது. நானும் வீட்டுக்காரியும் நலம். அவளுடைய முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. நியூயார்க்கில் பனி முழங்கால் அளவு கிடப்பதாக டிவியில் காட்டினார்கள். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது ஆகாது.

போனில் என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். பதினொரு முறை ஆயிற்று. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கத்தான் முடியும். கிழிக்கும் முன் இரண்டு வரியாவது கண்ணில் படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இதை உன் கையில் தரப்போவது நோயெலியா. விடுமுறைக்கு வந்தவள் இரண்டாம் தேதி அங்கே திரும்புகிறாள். ஞானஸ்நானத்தில் நீ கையில் ஏந்திய பிள்ளை அவள். அவளிடம் வாங்கமாட்டேன் என்று உன்னால் சொல்ல முடியாது. அது தெரிந்துதான் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். தேங்காய் மிட்டாயும் நம் ஊர்ப் பாலாடைக்கட்டியும் வைத்திருக்கிறேன். கூடவே செய்தித்தாளில் சுற்றிய ஒரு நீளப் பொட்டலம் இருக்கும். அதை இந்தக் கடிதம் முடிந்த பிறகு பிரி.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பேஸ்பாலில் நம் நண்டுகள் அணியினர் இந்தப் பருவத்தில் மூன்றாம் இடத்தில் நிற்கிறார்கள். பந்து எறிகிறவர்களில் இரண்டு பேருக்குத் தோள் போய்விட்டது. சிச்சோவின் சவரக்கடையில் அதே நாற்காலி, அதே வாய். போன வாரம் எவனோ, "பயிற்சியாளரை மாத்தினாத்தான் உருப்படுவோம்" என்றான். "உன் பொண்டாட்டி உன்னை மாத்தாம பதினாலு வருஷமா வெச்சிருக்காளே, அந்தப் பொறுமை நமக்கும் வேணும்டா" என்றான் சிச்சோ. கடை ஓடுகிறது. வாசலில் நீ எழுதிய 'ராமிரோ வீட்டுச் சாமான்' பலகையில் முதல் எழுத்து மட்டும் வெயிலில் வெளுத்துவிட்டது. வேறு ஆளை வைத்துத் திருத்தச் சொல்கிறார்கள். அதை யாரையும் தொட விடவில்லை.

நீ பார்க்காத ஒன்று இருக்கிறது, சொல்கிறேன். நம் ஆட்டக்காரப் பையன் மரவள்ளி இறந்துபோன பிறகு, நம் மைதானத்தில் ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்றாம் இன்னிங்ஸ் முடிந்து நான்காவது தொடங்கும் முன் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். மூன்று, நான்கு. அவன் சட்டையிலிருந்த முப்பத்து நாலு. ஒலிபெருக்கியில் யாரும் அறிவிப்பதில்லை. முதலில் எழுந்தது யார் என்றும் தெரியாது. தாரை ஊதுகிறவன் தாரையை மடியில் வைத்துக்கொள்கிறான். கடலைக்காரன் கூவுவதை நிறுத்துகிறான். நடு மைதானம் காக்கிற ஆட்டக்காரன் நாலு அடி தள்ளிப்போய், மரவள்ளி நின்ற இடத்தைக் காலியாக விடுகிறான். போன மாதம் எதிரணியான சேவல்கள் இங்கே ஆட வந்தபோது, லாஸ் பால்மாஸிலிருந்து பஸ் பிடித்து வந்த அவர்களுடைய ஆட்களும் எழுந்து நின்றார்கள். அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடமும் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பக்கத்து இருக்கை உன்னுடையது. அதற்கும் சேர்த்துத்தான் சீட்டு எடுக்கிறேன். யாரும் உட்காராதபடி தொப்பியை வைத்துவிடுகிறேன்.

இப்போது ஊரில் ஒவ்வொருவனிடமும் ஒரு மரவள்ளிக் கதை இருக்கிறது. மதில்மேல் முதுகு மோத அவன் பிடித்த பந்து, மேலே இருந்தவன் பிடி நழுவி அவன் தலையில் கொட்டிய ரம், அதை நாக்கை நீட்டித் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துண்ணே, இன்னொண்ணும் புடிக்கிறேன்" என்று அவன் மேலே பார்த்துச் சொன்னது. அன்றைக்கு அங்கே இருந்ததாகச் சொல்கிறவர்களைக் கூட்டினால் மைதானம் கொள்ளாது. அவனை "விலைபோனவன்" என்று கத்தியவர்களும் கதை சொல்கிறார்கள். அவனா விலைபோனான்? ஆறு வருடம் நமக்கு ஆடியவனை நிர்வாகம் தூக்கிச் சேவல்களுக்குக் கொடுத்துவிட்டு வேறு ஆளை வாங்கியது. ஆட்டக்காரனை அதில் யாரும் கேட்பதில்லை. சரக்கைக் கைமாற்றிப் பிழைக்கிற எனக்கா அது தெரியாது? தெரிந்துகொண்டே நானும் கத்தினேன்.

அவன் செத்த மறுநாள் காலை என் கடை வாசலில் வரிசை நின்றது. மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து விற்காமல் பெட்டியில் கிடந்த அவனுடைய பழைய நண்டுகள் சட்டைகள் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயின. நான்தான் விற்றேன், தேயோ. அழுதுகொண்டே விற்றேன் என்று எழுதினால் பொய்யாகும். எல்லாம் விற்றபிறகு கதவை இழுத்து மூடிவிட்டு, காலிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அழுகை அப்போதுதான் வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அறிந்ததையே திரும்ப எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. வியாபாரத்தில் வாய்ச்சொல்லை நான் என்றைக்கும் நம்பியதில்லை. கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் நாளைக்கு எவனும் மாற்றிப் பேச முடியாது. நான் மாற்றிப் பேசாமலிருக்கத்தான் இந்தத் தாள்.

தோற்ற அணிக்குச் சவ ஊர்வலம் எடுப்பது நம் வழக்கம். நமக்கு அவர்கள் எடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு நாம் எடுத்திருக்கிறோம். அந்த வருடமும் குளிர்பெட்டி வந்த மரப்பெட்டியைச் சவப்பெட்டியாக்கி, ஆட்டத்துக்கு முதல் நாளே என் கடையின் பின்கட்டில் வைத்திருந்தோம். எழுதுவது எப்போதும் நீ. அணியின் பெயரை மட்டும் எழுதுவாய். ஆள் பெயர் எழுதுவதில்லை. அதை யாரும் சட்டமாகப் போடவில்லை, ஆனால் நம் அப்பன்மார் காலத்திலிருந்து எவனும் மீறியதுமில்லை.

நான்தான் சொன்னேன். "சேவல்னு எழுதினா யாருக்குடா சிரிப்பு வரும்? வருஷா வருஷம் அதேதான். மரவள்ளி பேரை எழுது, ஊரே புரண்டு சிரிக்கும்" என்றேன்.

நீ தூரிகையைக் கீழே வைத்தாய். "உசுரோட இருக்கிறவன் பேரைப் பெட்டில எழுதமாட்டேன் ராமிரோ. அவன் நம்ம கையில வளந்த புள்ள" என்றாய்.

"பேர் வேணாம்னா நம்பரை எழுது. நம்பருக்கு என்ன உசுரா இருக்கு?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. உன் பலகைகளையும் சாய டப்பாக்களையும் வைத்து வேலை செய்ய அந்தப் பின்கட்டை நான் வாடகையில்லாமல் விட்டிருந்தேன். அதை அன்று நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் அங்கே நின்றுகொண்டுதான் கேட்டேன். நீ குனிந்து எழுதினாய். முப்பத்து நாலு. நாலின் காலுக்கு அடியில் பன்றிக்குட்டி வாலைப்போல ஒரு சுழி. பதினோரு வயதில், மாவுச்சாக்கில் தைத்த சட்டையோடு உன்னிடம் வந்து, அப்பாவுடைய கரும்பு வண்டி நம்பரை முதுகில் எழுதிக்கொடு என்று அவன் நின்றானே, அன்றைக்கு நீ போட்டாயே, அதே வால். கைப்பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஜெயிக்கிறவர்களுக்கு இறுதிப் போட்டி. கடைசி இன்னிங்ஸில் கடைசி ஆளாக மட்டை பிடிக்க வந்தவன் அவன்தான். மூன்றாவது பந்திலும் மட்டை காற்றைத்தான் அடித்தது, சேவல்கள் தோற்றார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி நம் பக்கம் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டுப் போனான். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, பாதிரி வேடம் போட ஓடினேன்.

வெயில் இறங்குகிற நேரம். பெரிய தெரு முழுக்க நம் ஆட்கள். கறுப்பு முக்காடு போட்டு ஆம்பிளைகள் விதவைகளாக ஒப்பாரி வைக்க, ஆறு பேர் பெட்டியைத் தூக்க, நான் முன்னால் பீர் பாட்டிலால் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனேன். பூங்காவைத் தாண்டவில்லை, செய்தி வந்துவிட்டது. கரும்புப் பாதையில் விளக்கில்லாமல் நின்ற கரும்பு வண்டியின் பின்னால் கார் மோதி, அவன் போய்விட்டானாம். முதலில் இதுவும் ஊர்வலத்தில் ஒரு கேலி என்று சிரித்தார்கள். பிறகு தாரை நின்றது. தூக்கியவர்கள் பெட்டியை நடுத்தெருவில் இறக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். நீ முன்பக்கமும் நான் பின்பக்கமும் பிடித்து அதைக் கடைக்குக் கொண்டுவந்தோம். வெறும் பலகைதான். மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் குற்றம். எழுதினது யார் என்று ஊர் கேட்கவே இல்லை. பாதி ஊர்ப் பலகை உன் கை என்பதால் வாலைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்கள். எழுதச் சொன்னது யார் என்றும் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் எதற்குப் பதில் சொல்வது என்று இருந்துவிட்டேன். சிச்சோ கடையில், "அந்தப் பெயிண்டருக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று பேசிக்கொண்டபோது நான் முகத்தில் நுரையோடு நாற்காலியில் இருந்தேன். நுரை உள்ளே போய்விடும் என்பதுபோல வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் யோசனை என்று தெரிந்தால் கடைக்கு ஒருவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். உன் கதவில் தார் பூசினார்கள். பலகை எழுத உன்னை யாரும் கூப்பிடவில்லை. மார்ச் மாதம் மகன் கூப்பிட்டான் என்று கிளம்பினாய். விமான நிலையத்தில் என் வண்டியிலிருந்து இறங்கும்போது, "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் ராமிரோ" என்றாய். நான், "நேரமாச்சு, உள்ள போ" என்றேன்.

நீ அங்கே அறைகளுக்கு வெள்ளை மட்டும் பூசுகிறாய், எழுத்து எழுதுவதில்லை என்று நோயெலியா சொன்னாள். ஒரு கடைக்காரன் கண்ணாடியில் 'திறந்திருக்கிறது' என்று ஒரு வார்த்தை எழுதச் சொன்னதற்கும் மாட்டேன் என்றாயாம்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். கல்யாண வீட்டார் மெத்தை பார்க்க வந்தார்கள். குடும்பமாக எல்லா மெத்தையிலும் படுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத் தூக்கம் வருது, யோசிச்சிட்டு வர்றோம்" என்று போய்விட்டார்கள். இன்று முப்பது. தொடர்கிறேன்.

வரும் ஜனவரி 19ஆம் தேதியோடு இரண்டு வருடம். அன்று முப்பத்து நாலாம் எண்ணை இனி நண்டுகளில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்து, அதை மைதானத்து மதிலில் போடுவதாக நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. ரசிகர்கள் சார்பில் நான் பேச வேண்டுமாம். அவன் அம்மாவை அழைத்துவரும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள்.

உனக்கும் எனக்கும் அவன் அம்மா தோன்யா எர்சிலியாவின் வாசலைத் தாண்டத் தைரியம் வந்ததே இல்லை. ஒன்பதாம் நாள் ஜெபத்தன்று இருவரும் எதிர்ச்சாரியில் மரத்தடியில் நின்றுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு நான் ஆள் மூலம் சாமான் அனுப்பிக்கொண்டிருந்தேன். மின்விசிறி, அடுப்பு, குளிர்பெட்டி என்று. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். போன மாதம் நேரில் போனபோதும் கையில் ஒரு மிக்சியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த அம்மா அதை வாங்கி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். "ராமிரோ, நீ அனுப்புற சாமானை வைக்க என் வீட்டுல இனிமே இடமில்ல. ரெண்டு வருஷமா என்ன சொல்லணும்னு இருக்கியோ, அதைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். பின்கட்டு, தூரிகை, நம்பருக்கு என்ன உயிரா என்று நான் கேட்டது, எல்லாம். தேயோ மாட்டேன் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் கையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை உரிப்பதை நிறுத்தவில்லை. பிறகு அவர் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதற்கு நீ உட்கார்ந்துகொள்.

"அன்னிக்கு அவன் கார்லேருந்து எனக்குப் போன் போட்டான். உங்க மேளச் சத்தம் எனக்கே கேட்டுச்சு. 'அம்மா, தெருவை அடைச்சிட்டாங்க, என்னைத்தான் தூக்கிட்டுப் போறாங்க'ன்னான். கோவமாடான்னு கேட்டேன். சிரிச்சான். 'நாலுக்கு வால் போட்டிருக்கும்மா. தேயோ மாமா கைதான். எவ்வளவு அழகா எழுதியிருக்காரு பாரு. எறங்கி நானும் ஒரு மூலையைத் தூக்கலாமான்னு பாக்குறேன், எல்லாரும் அலறி ஓடுவாங்க'ன்னான். நான்தான் சொன்னேன், 'விளையாட்டெல்லாம் போதும், கறிக்குழம்பு ஆறுது, சீக்கிரம் வா'ன்னு. 'அப்ப கரும்புப் பாதையில சுத்தி வர்றேன்'னான்."

அதோடு நிறுத்திக்கொண்டார். மடியிலிருந்த பட்டாணித் தோலைத் தட்டிவிட்டு, "நீ பெட்டியைத் தூக்கிட்டுத் திரியுற. நான் அந்தக் குழம்புச் சட்டியைத் தூக்கிட்டுத் திரியுறேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் கறிக்குழம்பு வெக்கல" என்றார்.

தேயோ, அவன் இறங்கியிருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான். இறங்கி வந்து ஒரு மூலையைப் பிடித்திருந்தால் நான் பீரை அவன் தலையில் கொட்டியிருப்பேன், ஊரே அவனைத் தோளில் தூக்கியிருக்கும். இதை யோசிக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை. ஆனால் ஒன்று. அவன் கடைசியாகப் பார்த்த எழுத்து உன்னுடையது. அவன் அதில் சாவைப் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு கையைப் பார்த்தான். இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு உன்னிடம் சொல்லாமல் இருப்பது இன்னொரு குற்றம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அங்கிருந்து நேராகச் சிச்சோ கடைக்குப் போனேன். சனிக்கிழமை, கூட்டம். நாற்காலியில் உட்கார்ந்து, பாதி முகம் மழித்திருக்கும்போது கையைப் பிடித்து நிறுத்தி, எல்லோர் முன்னாலும் சொன்னேன். எழுதச் சொன்னது நான், மாட்டேன் என்றது தேயோ, தார் பூசவேண்டிய கதவு என்னுடையது என்று. தார் பூசியவர்களில் ஒருவன் அங்கேயே இருந்தான், அவன் எழுந்து வெளியே போய்விட்டான். சிச்சோ கத்தியைத் துடைத்தான். "மீதி முகத்தையும் மழிச்சு விடறேன். அதுக்கு மேல இன்னிக்கு என்கிட்ட எதுவும் எதிர்பாக்காதே" என்றான். அப்படியே செய்தான். இப்போது கடைக்குச் சிலர் வருவதில்லை. எதிரே புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், அங்கே போகிறார்கள். போகட்டும். இதை அன்றே செய்திருந்தால் நீ ஊரைவிட்டுப் போயிருக்கமாட்டாய்.

கடைசியாக ஒன்று. மதிலில் போட, தலைநகரில் அச்சடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை நிர்வாகம் வரவழைத்தது. தோன்யா எர்சிலியாவிடம் காட்டினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது என் மகன் நம்பர் இல்ல. வால் எங்க?" என்று கேட்டார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "மொதல்ல எழுதின கையே இதையும் எழுதட்டும். இல்லேன்னா சுவரு வெள்ளையாவே இருக்கட்டும், நான் வெள்ளைச் சுவரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று முடித்துவிட்டார். உன்னிடம் தனியாகச் சொல்லச் சொன்ன வார்த்தையும் உண்டு: "தேயோவைச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச்சொல்லு. அன்னிக்குக் கறிக்குழம்பு வெக்கிறேன்."

நடு மைதானத்துக்கு நேர் பின்னால், அவன் முதுகு மோதிய இடத்தில், மதிலைச் சுரண்டி இரண்டு கை வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். சாரம் கட்டியாகிவிட்டது. உன் மூட்டுக்குத் தக்கபடி படி வைத்துக் கட்டச் சொன்னேன். கறுப்பும் சிவப்பும் பிரிக்காத டப்பாவில் இருக்கின்றன.

இப்போது அந்தப் பொட்டலத்தைப் பிரி. நீ பின்கட்டில் போட்டுவிட்டுப் போன பட்டைத் தூரிகை. இரண்டு வருடமாக வாரம் ஒருமுறை மண்ணெண்ணெயில் அலசி வைத்தேன். மயிர் விறைக்கவில்லை, தடவிப் பார்.

என்மேல் உள்ள கோபத்தை விட்டுவிட்டு வா என்று கேட்கமாட்டேன். கோபத்தோடேயே வா. என்னோடு பேசவேண்டாம், என் வண்டியில் ஏறவேண்டாம். அன்றைக்கு நான் சாரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறேன். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று இந்தமுறை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

காதை மூடிக்கொள். உன் கை நடுங்காமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்னுடைய,
ராமிரோ தவேராஸ்